சிவப்பு விளக்கில் ஒரு மூச்சு

ஹைதராபாத்தின் மாதாப்பூரில் அவசரத்துக்குப் பஞ்சமில்லை. நிதானத்தையும் அங்கேயே தேடுகிறார்கள் சிலர்.

மாலை ஆறரை மணி. மைண்ட்ஸ்பேஸ் சந்திப்பில் எதுவும் நகரவில்லை. கம்பெனி பஸ்கள், வாடகைக் கார்கள், சாப்பாட்டுப் பொட்டலம் சுமக்கும் பைக்குகள், இடுக்கு கிடைத்தால் நுழையக் காத்திருக்கும் ஆட்டோக்கள். எல்லோர் கட்டைவிரலும் ஹாரன் மேல் இருக்கிறது. 'மைண்ட்ஸ்பேஸ்' என்றால் மனவெளி. அங்குள்ள அலுவலக வளாகத்தின் பெயர் சந்திப்புக்கும் ஒட்டிக்கொண்டது. பெயர் வைத்தவர்கள் இந்த நேரத்தில் இங்கே வந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆட்டோ ஒன்றின் பின்சீட்டில் இருக்கும் 38 வயது சாஃப்ட்வேர் மேலாளர் மட்டும் ஹாரன் சத்தத்துக்கு முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருக்கிறார். தூங்கவில்லை. போனையும் பார்க்கவில்லை. சிவப்பு விளக்கைப் பார்த்தபடி மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனிக்கிறார். அவ்வளவுதான். சொந்த ஊர் மதுரைப் பக்கம் திருமங்கலம். மாதாப்பூருக்கு வந்து 14 வருடம் ஆகிறது. பெயர் வேண்டாம் என்கிறார். "ஆபீஸ்ல தெரிஞ்சா 'சாமியார்'னு கூப்பிடுவாங்க" என்பது காரணம்.

சாமியார் ஆக மாதாப்பூர் ஏற்ற இடமல்ல. 1990களின் தொடக்கம் வரை இது நகருக்கு வெளியே பாறைகளுக்கு நடுவே கிடந்த ஊர். 1992-இல் கைவினைக் கலைஞர்களுக்காக சில்பாராமம் அமைந்தது. 1998 நவம்பரில் சந்திரபாபு நாயுடு முதல்வராக இருந்தபோது, பத்து மாடி சைபர் டவர்ஸ் கட்டடத்தைப் பிரதமர் வாஜ்பாய் திறந்து வைத்தார். 2000 மார்ச்சில் அமெரிக்க அதிபர் கிளின்டனே வந்து பார்த்துவிட்டுப் போனார். பிறகு ஊர் நிற்கவே இல்லை. 2018-இல் மைண்ட்ஸ்பேஸ் சந்திப்பில் சுரங்கப் பாதையும் மேம்பாலமும் வந்தன. 2019-இல் மெட்ரோ ரயில் வந்தது. 2020 செப்டம்பரில் துர்கம் செருவு ஏரியின் குறுக்கே கேபிள் பாலம் வந்தது. ஒவ்வொரு முறையும் இனி நெரிசல் தீர்ந்தது என்றார்கள். நெரிசல் அடுத்த சந்திப்புக்கு நகர்ந்தது என்பதுதான் ஊர்க்காரர்களின் அனுபவம்.

இங்கே வசிப்பவர்களில் பெரும்பாலோர் வந்தேறிகள். ஐயப்பா சொசைட்டியின் சந்துகளில் வீட்டுக்கு வீடு ஹாஸ்டல் போர்டு. காலையில் இட்லி வண்டிகளைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் தெலுங்கு, இந்தி, ஒடியாவோடு கோவைத் தமிழும் நெல்லைத் தமிழும் காதில் விழும். அறையில் மூன்று கட்டில், மூன்று பேருக்கும் மூன்று ஷிப்ட். ஒருவர் அலாரம் அடிக்கும்போது இன்னொருவருக்கு நள்ளிரவு. அமெரிக்காவில் விடியும் நேரத்தில் இங்கே மீட்டிங். வாடகை, வருடாந்திர மதிப்பீடு, ஆட்குறைப்பு வதந்தி என்று கவலைக்கு எதுவும் குறைவில்லை. பெரிய துயரம் எதுவும் இல்லாமலே எரிச்சல் நாளெல்லாம் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருக்கும் வாழ்க்கை இது.

திருமங்கலத்துக்காரருக்கு அந்தச் சொட்டு ஒரு நாள் நிரம்பி வழிந்தது. டீமில் இருந்த இளைஞர் ஒருவர் செய்த சிறு தவறுக்காக, பன்னிரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்த போன் மீட்டிங்கில் அவரைக் கிழித்தெறிந்தார். இரண்டு வாரத்தில் ராஜினாமா வந்தது. யாரும் இவரைக் குறை சொல்லவில்லை. அந்த வருட மதிப்பீட்டில் 'கறாரானவர்' என்று பாராட்டாகவே எழுதியிருந்தார்கள்.

அவரை உலுக்கியது அதுவல்ல. ஊரிலிருந்து அம்மா போன் செய்யும்போதெல்லாம் முதல் வாக்கியம் ஒன்றாகவே இருப்பதை அவர் கவனித்தார். "வேலையா இருக்கியாப்பா? அப்புறம் பேசவா?" அம்மாவுக்கு மன்னிப்புக் கேட்கும் குரல் எப்போது வந்தது என்று யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை. யார் கற்றுக்கொடுத்தது என்பது மட்டும் தெரிந்தது.

2022-இல் பத்து நாள் லீவு போட்டுவிட்டு நகரின் எதிர்க்கோடிக்குப் போனார். நாகார்ஜுன சாகர் சாலையில், வனஸ்தலிபுரம் பக்கம் குசும் நகரில் இருக்கிறது தம்ம கேத்த. 1976-இல் தொடங்கிய விபஸ்ஸனா தியான மையம். இந்தியாவில் இந்த வழிமுறைக்கென முதலில் அமைந்த மையங்களில் ஒன்று. இகத்புரியின் பெயர்தான் பிரபலம் என்றாலும் ஹைதராபாத்காரர்கள் இதைப் பெருமையுடன் சொல்வார்கள். போனை வாசலில் ஒப்படைத்துவிட வேண்டும். பத்து நாள் பேச்சு கிடையாது. அதிகாலை நான்கு மணிக்கு மணி அடிக்கும். நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்க வேண்டும். கட்டணம் இல்லை. முடித்துவிட்டுப் போகிறவர்கள் தரும் நன்கொடையில் அடுத்து வருபவர்களுக்குச் சாப்பாடு. சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் தம்ம சேது என்ற மையம் உண்டு. பயிற்சி அங்கும் இதேதான்.

இந்த வழிமுறை வந்த பாதை சுவாரஸ்யமானது. இன்று உலகெங்கும் பரவியிருப்பதற்கு முக்கியக் காரணமானவர் எஸ்.என். கோயங்கா. 1924-இல் பர்மாவின் மாண்டலேயில் பிறந்த மார்வாரி வணிகர். தீராத ஒற்றைத் தலைவலிக்காரர். வெளிநாட்டு டாக்டர்களாலும் முடியாமல், 1955-இல் ரங்கூனில் சயாஜி ஊ பா கின் என்பவரிடம் போனார். தலைவலிக்காக மட்டும் வருவதென்றால் வேண்டாம் என்று குரு முதலில் மறுத்துவிட்டார் என்பார்கள்.

அந்த குரு துறவி அல்ல, அரசு அதிகாரி. அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 1948-இல் சுதந்திர பர்மாவின் முதல் அக்கவுண்டன்ட் ஜெனரலாக உயர்ந்தவர். ஒரே சமயத்தில் மூன்று, நான்கு துறைகளுக்குத் தலைமை வகித்த காலமும் உண்டு. தம் அலுவலக ஊழியர்களுக்கே தியானம் கற்றுக்கொடுத்தார். ஆக, இன்று கோடிக்கணக்கான ரூபாய்க்குக் கணக்கெழுதும் மாதாப்பூர் அலுவலகங்களுக்கு அருகில் வந்து சேர்ந்திருக்கும் இந்தப் பயிற்சி, காட்டிலிருந்து நேராக வந்ததல்ல. தணிக்கைக் கோப்புகள் குவிந்த மேஜையைத் தாண்டித்தான் வந்திருக்கிறது. கோயங்கா 1969-இல் இந்தியா வந்து கற்பிக்கத் தொடங்கி, 2013-இல் மறைந்தார்.

பயிற்சி கேட்பதற்கு எளிது. முதல் சில நாட்கள் மூக்கு நுனியில் மூச்சைக் கவனிப்பது. பிறகு தலை முதல் கால் வரை உடலில் என்னென்ன உணர்ச்சி தோன்றுகிறது என்று பார்ப்பது. அரிக்கிறதா, சரி. வலிக்கிறதா, சரி. விரட்டவும் வேண்டாம், பிடித்து வைக்கவும் வேண்டாம். முதல் நாளிலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று தோன்றாதவர்கள் குறைவு. திருமங்கலத்துக்காரருக்கு மூன்றாம் நாள் தோன்றியது.

அவர் திரும்பி வந்தபோது கொண்டுவந்தது ஒரே ஒரு செய்தி. கோபம் மனதில் வெடிப்பதற்கு முன்பே உடம்பில் தெரிந்துவிடுகிறது. அவருக்குக் காதுமடல் சூடாகும். தாடை இறுகும். இடதுகால் ஆடத் தொடங்கும். இத்தனை வருடமும் இந்த மூன்று தூதர்களும் முன்னால் வந்து தகவல் சொல்லியிருக்கிறார்கள். அவர்தான் கேட்கவில்லை. இப்போது காது சூடானால் மெயிலை எழுதி முடிப்பார், ஆனால் அனுப்ப மாட்டார். டிராஃப்டில் கிடக்கும். எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து படிப்பார். பாதி மெயில்கள் அழிந்துபோகும். மீதியில் சில வரிகள் அழியும். தவறைச் சுட்டிக்காட்டும் வரி அப்படியே இருக்கும். நிதானம் என்றால் எதையும் கண்டுகொள்ளாமல் விடுவது என்று நினைப்பவர்களுக்கு இது சற்று ஏமாற்றம் தரலாம்.

ஆங்கிலத்தில் 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று இன்று விற்பனையாவதற்கு மூலச்சொல் பாலி மொழியின் 'சதி'. வடமொழியில் 'ஸ்மிருதி'. 1881-இல் ரைஸ் டேவிட்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் இப்படி மொழிபெயர்த்தார். அவர் இலங்கையில் அரசுப் பணியில் இருந்தவர். தமிழ்க் காதுக்கு 'சதி' ஆகாது என்பது வெளிப்படை. விழிப்புநிலை, முழுக்கவனம், மனக்குவிப்பு என்று பலர் முயன்றிருக்கிறார்கள். எதுவும் நாக்கில் ஒட்டவில்லை. 'நிதானம்' என்ற பழைய சொல்லே பக்கத்தில் வருகிறது. குடித்தவனை 'நிதானத்தில் இல்லை' என்போம். கோபக்காரனையும் அப்படியேதான் சொல்வோம். இரண்டு பேரும் தாம் செய்வதை அறியாமல் செய்கிறவர்கள் என்று மொழிக்கே தெரிந்திருக்கிறது. மணிமேகலையைப் பெற்ற மொழி அல்லவா?

இன்னொன்றையும் கவனிக்கலாம். ஆங்கிலேயன் 'நான் கோபமாக இருக்கிறேன்' என்கிறான். தமிழன் 'எனக்குக் கோபம் வருகிறது' என்கிறான். தெலுங்கனும் 'கோபம் வச்சிந்தி' என்பான். வந்தது என்றுதான் அர்த்தம். வருகிற விருந்தாளி போகவும் செய்வான் என்று இலக்கணமே சொல்லிவிடுகிறது. அவன் வாசலில் நிற்கும்போதே பார்த்துவிட்டால் நடுக்கூடத்தில் வந்து உட்கார மாட்டான். பயிற்சி முழுக்க இந்த வாசல் காவல்தான்.

பத்து நாள் லீவு எல்லோருக்கும் கிடைக்காது. வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார். டெலிபோன் மணியைக் கோயில் மணியாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். ஒலித்ததும் பாய்ந்து எடுக்காமல், இரண்டு மூன்று மணி வரை மூச்சைக் கவனித்துவிட்டு எடுப்பது. சாலையின் சிவப்பு விளக்கையும் எதிரியாகப் பார்க்காமல், மூச்சுக்குத் திரும்ப அழைக்கும் நண்பனாகப் பார்ப்பது. 2022 ஜனவரியில் மறைந்த அவர் மைண்ட்ஸ்பேஸ் சந்திப்பைப் பார்த்ததில்லை. ஆனால் மாதாப்பூருக்காகவே சொன்னது போல இருக்கிறது. இங்கே நண்பர்கள் ஏராளம். ஒவ்வொரு சந்திப்பிலும் நிற்கிறார்கள்.

சிக்னல் பிடிக்காதவர்களுக்கு ஏரி இருக்கிறது. துர்கம் செருவு ஒரு காலத்தில் கோல்கொண்டாவுக்குக் குடிநீர் தந்தது. குன்றுகளுக்கு இடையே மறைந்து கிடந்ததால் 'ரகசிய ஏரி' என்று பெயர். இப்போது ரகசியம் எதுவும் பாக்கியில்லை. சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள், மேலே விளக்கு போட்ட பாலம். ஆனாலும் காலை ஆறு மணிக்குக் கரையோரப் பாதையில் நடப்பவர்களுக்கு நீர்க்காகமும் கொக்கும் தெரியும். அடுக்கி வைத்தது போல நிற்கும் பாறைகளுக்கு வயது சுமார் 250 கோடி வருடம். வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டிய வேலை அவற்றின் முன்னால் கொஞ்சம் சிறுத்துப்போகிறது. காதில் மாட்டிய கருவியில் மீட்டிங் கேட்டபடி நடப்பவர்களும் நிறைய. அவர்கள் கொக்கைப் பார்ப்பதில்லை. கொக்கு மட்டும் ஒற்றைக் காலில் தன் வேலையைப் பார்க்கிறது.

சில்பாராமத்தில் வேறு வகைப் பாடம். தறியில் போச்சம்பள்ளிப் புடவை நெய்பவரிடம் தியானம் பற்றிக் கேட்டால் சிரிப்பார். இந்தத் துணியில் நூலை முதலில் கட்டிச் சாயம் தோய்த்துவிடுவார்கள். நெய்யும்போது சாயம் பட்ட இடங்கள் மிகச் சரியாகச் சேர வேண்டும். நூல் கொஞ்சம் பிசகினால் கோலம் கலங்கிவிடும். பிசகியது தெரிந்தால் பதற்றப்படாமல் விரலால் நகர்த்திச் சரிசெய்துவிட்டு அடுத்த இழைக்குப் போகிறார். கவனம் கலைவது குற்றமல்ல, கலைந்ததைக் கண்டு திரும்புவதுதான் பயிற்சி என்று தியான ஆசிரியர்கள் மணிக்கணக்கில் விளக்குவதும் இதைத்தான். புடவை வாங்க வந்தவர்களுக்கு அதைப் பார்க்க நேரமில்லை.

ஹைதராபாத்தில் தியானத்துக்கு இடம் குறைவில்லை. ஹுசேன் சாகர் நடுவே நிற்கும் புத்தர் சிலையே 1990 மார்ச்சில் ஏற்றிச் சென்ற மிதவை கவிழ்ந்து, உயிர்களைப் பலிகொண்டு, இரண்டரை வருடம் ஏரியின் அடியில் கிடந்துதான் 1992 டிசம்பரில் எழுந்து நின்றது. நகருக்குத் தெற்கே கன்ஹா சாந்தி வனத்தில் 2020 ஜனவரியில் திறந்த மண்டபத்தில் ஒரு லட்சம் பேர் ஒன்றாக அமரலாம். மணப்பாக்கம் ஆசிரமத்தால் சென்னைக்காரர்களுக்கு அறிமுகமான ஸ்ரீ ராமசந்திர மிஷனின் இடம் அது. அங்கே தியானம் இதயத்தை மையமாகக் கொண்டது. முறை வேறு. வந்து உட்காருபவர்களின் முகத்தில் இருக்கும் களைப்பு ஒன்றேதான்.

இதெல்லாம் பலன் தருகிறதா என்பது நியாயமான கேள்வி. அமெரிக்காவில் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் எட்டு வாரப் பயிற்சியாக இதை வடிவமைத்தார். அதன் பிறகுதான் டாக்டர்கள் திரும்பிப் பார்த்தார்கள். 2014-இல் வெளிவந்த ஓர் அலசல், 3,515 பேரை உள்ளடக்கிய 47 சோதனைகளை ஆராய்ந்தது. பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் ஓரளவு பலன் உண்டு என்றது. மருந்தையோ உடற்பயிற்சியையோ விட மேலானது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. 2022-இல் பதற்ற நோயாளிகள் 276 பேரிடம் நடந்த சோதனையில், எட்டு வாரப் பயிற்சி எஸ்சிடலோபிராம் மாத்திரைக்குச் சளைத்ததல்ல என்று தெரிந்தது. அவர்கள் வாரம் ஒரு வகுப்புக்குப் போய், தினமும் வீட்டில் 45 நிமிடம் உட்கார்ந்தவர்கள். செல்போன் ஆப்பில் மூன்று நிமிடம் மழைச் சத்தம் கேட்டவர்கள் அல்ல. எல்லோருக்கும் ஏற்ற மருந்தும் அல்ல இது. தீவிர மனநோய் இருந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் நீண்ட தியானத்தில் இறங்கக் கூடாது. விபஸ்ஸனா மையங்களின் விண்ணப்பத்திலேயே இது பற்றிய கேள்வி உண்டு. தூக்கமில்லாமல், வாழவே பிடிக்காமல் தவிப்பவர்களுக்கு மூச்சை எண்ணச் சொல்வது உதவியாகாது. அவர்களுக்கு மத்திய அரசின் டெலி-மானஸ் இலவச எண் 14416 இருக்கிறது. தமிழிலும் பேசலாம்.

கசப்பான கேள்வி இன்னொன்றும் உண்டு. நள்ளிரவு மீட்டிங் வைப்பவர்களே காலையில் தியான வகுப்பும் வைக்கிறார்கள். வேலை நேரம் குறையவில்லை, ஆட்கள் கூடவில்லை, ஆனால் மன அழுத்தம் ஊழியரின் சொந்தக் குறைபாடு ஆகிவிடுகிறது. அமெரிக்கப் பேராசிரியர் ரொனால்ட் பர்சர் 2019-இல் இதைக் கண்டித்து ஒரு புத்தகமே எழுதினார். பெயர் 'மெக்மைண்ட்ஃபுல்னெஸ்'. மாதாப்பூரில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 2023 ஜூலையில் கனமழை பெய்தபோது சைபராபாத் போக்குவரத்துப் போலீஸ், ஐ.டி. கம்பெனிகளை மூன்று குழுக்களாகப் பிரித்தது. மாலை 3 மணி, 4.30 மணி, 6 மணி என்று வெவ்வேறு நேரங்களில் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பச் சொன்னது. ஒரு லட்சம் பேர் ஆழ்ந்து மூச்சு விடுவதால் வடியாத நெரிசல், ஒரு போலீஸ் உத்தரவில் கொஞ்சம் வடியும். எதை மாற்ற முடியுமோ அதை மாற்றச் சொல்லிக் கேட்பதற்கும் நிதானம் வேண்டும் என்பது வேறு விஷயம்.

திருமங்கலத்துக்காரர் இந்த வித்தியாசத்தைத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டார். முதலில் எல்லாவற்றையும் மூச்சிலேயே கரைக்கப் பார்த்தார். ஆறு மாதம் கழித்து, இரவு பதினொரு மணி மீட்டிங் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் முடியாது என்று மேலிடத்துக்கு மெயில் அனுப்பினார். அதுவும் ஓர் இரவு டிராஃப்டில் கிடந்த மெயில்தான். மூன்று நாளாகக் குறைத்தார்கள். ராஜினாமா செய்த இளைஞருக்கும் ஒரு முறை போன் செய்தார். அவர் எடுக்கவில்லை. மறுபடி முயலவில்லை. அந்தக் கணக்கு முடியாமலே இருக்கிறது என்கிறார், ஆட்டோவின் கம்பியைப் பார்த்தபடி.

இப்போதும் கோபம் வருகிறது. போன மாதம் ஹாஸ்டல் சந்தில் வண்டியை மறித்து நிறுத்தியவரிடம் சத்தம் போட்டிருக்கிறார். காது சூடானது தெரிந்தும் போட்டார். பத்து தடவையில் ஆறு தடவை முன்கூட்டியே தெரிகிறது என்பது அவர் போட்டுவைத்திருக்கும் கணக்கு.

பச்சை விழுகிறது. நாலு வண்டி நகர்ந்ததும் மறுபடி சிவப்பு. ஆட்டோக்காரர் ஸ்டியரிங்கில் ஓங்கித் தட்டிவிட்டு, பின்னால் திரும்பி "லேட் அவுதுந்தி சார்" என்கிறார், தன் தப்பு போல. "பர்வாலேது அன்னா" என்று பதில் வருகிறது.

சட்டைப் பையில் போன் ஒலிக்கிறது. ஒரு மணி. இரண்டு. பைக்கில் நிற்பவர் எடுக்க மாட்டாரா என்று திரும்பிப் பார்க்கிறார். மூன்றாவது மணிக்கு எடுக்கிறார்.

"ஏப்பா, நம்ம முருங்கை மரம் நேத்து அடிச்ச காத்துல அப்படியே சாஞ்சு போச்சுப்பா" என்கிறது அந்தப் பக்கம். எந்தக் கிளை முதலில் முறிந்தது, கீரையை எந்தெந்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பியது, பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாக வருகிறது. பின்னால் ஹாரன்கள் மறுபடி தொடங்குகின்றன. அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொள்கிறார்.

"கேக்குதும்மா. சொல்லு. அப்புறம்?"